இரவல் சில்லு

பங்குனி மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை, கடலுக்கு மேலே சூரியன் தலைகாட்டிய அதே நேரத்தில், உவரடி உப்பளக் குடியிருப்பின் கடைசி வீட்டு வாசலில் ஒரு வெள்ளாடு வந்து நின்றது, நின்று, பல் விளக்கக் குத்தவைத்திருந்த சந்தனக்கனியின் நெற்றியில் தன் நெற்றியை வைத்தது, வைத்த மாத்திரத்தில் ஐந்து வருஷமாகச் சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுத்துக் கிடந்த அவள் கண்கள் இரண்டும் தெளிந்தன, ஆட்டின் கண்கள் இரண்டும் வெளுத்துப்போயின.

அவள் முதலில் பார்த்தது ஆட்டின் முகத்தை. அடுத்ததாக, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் ஏறிய ஒரு பெண்ணைப் பார்த்தாள். உயரமான, மேலுதட்டில் மச்சம் வைத்த, யாரோ வீட்டுப் பெண்.

"யாரும்மா நீ?" என்று கேட்டாள்.

"எம்மா, நான்தான்" என்றாள் அந்தப் பெண்.

கண் போனபோது சுபாஷினிக்குப் பத்து வயது. இப்போது பதினைந்து. குரல் வளர்ந்ததைச் சந்தனக்கனி நாள்தோறும் கேட்டிருந்தாள், முகம் வளர்ந்ததை அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மகளின் கையிலிருந்த குடத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அந்த மச்சத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஈரக் கையால் ஒரு தடவை, புடவையில் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை.

இருபது வருஷம் உப்பு வாரினவள் அவள். வெள்ளைப் பாத்திகளில் வெயில் விழுந்து திரும்பி முகத்தில் அடிக்கிற வேலை, காற்றில் உப்புத்தூள் பறந்து கண்ணில் விழ, விழுந்த இடம் புண்ணாகி, புண் ஆறித் தழும்பாகி, தழும்பின்மேல் மறுபடி புண்ணாகி, கடைசியில் கருவிழியை மூடியிருக்கிற கண்ணாடி போன்ற படலம் மொத்தமும் வெளுத்துவிட்டது. பட்டணத்துக் கண் ஆஸ்பத்திரியில், உள்ளே கண் நன்றாகத்தான் இருக்கிறது, முன்னால் இருக்கும் படலம்தான் போயிற்று, இறந்துபோன யாராவது கொடுத்தால் மாற்றி வைக்கலாம் என்று சொல்லி வரிசையில் பெயரை எழுதிக்கொண்டார்கள். எழுதி நாலு வருஷம் ஆகியிருந்தது. டாக்டர்கள் அதைக் கார்னியா என்றார்கள். உவரடியில் அதற்குச் சில்லு என்று பெயர் வைத்திருந்தார்கள், ஏனென்றால் அந்த ஊரில் பாதிப் பேருக்கு அது கொஞ்சமாவது கீறியிருந்தது, அடிக்கடி பேசவேண்டிய பொருளுக்குச் சின்னதாக ஒரு பெயர் வேண்டியிருந்தது.

சற்று நேரத்தில் மேலத்தெருவிலிருந்து முப்பிடாதி ஆட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். சந்தனக்கனியை விடப் பதினைந்து வயது மூத்தவள், அவளை முதன்முதலாக அளத்துக்குக் கூட்டிப்போய் வேலையில் சேர்த்துவிட்டவள், இரண்டு சிறுநீரகமும் கெட்டு, வாரம் இரண்டு முறை பஸ் ஏறிப்போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருகிறவள்.

"ஏட்டி கனி, என் ஆடு இங்கன வந்துச்சா?"

"வந்திருக்குக்கா. என் சில்லு அதுகிட்ட இருக்கு, அதோடது என்கிட்ட இருக்கு."

முப்பிடாதி ஆட்டைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், மறுபடி ஆட்டைப் பார்த்தாள்.

"சாயங்காலத்துக்குள்ள குடுத்துருவியா? அதுக்குக் குட்டி இருக்குல்லா" என்றாள்.

சாயங்காலம் பனங்காட்டுக்குப் பின்னால் சூரியன் இறங்கியதும் ஆட்டின் கண்கள் தெளிந்தன, சந்தனக்கனியின் கண்கள் வெளுத்தன, ஆடு குட்டியிடம் ஓடியது.

மறுநாள் ஒரு கோழி வந்தது. அதற்கு மறுநாள் பூனை. அதற்கடுத்து உப்பு மூட்டை சுமக்கிற கழுதை. எந்த இனமும் இரண்டாவது முறை வரவில்லை. ஆடு வந்த பிறகு எத்தனையோ ஆடுகள் அந்த வாசலைக் கடந்து போயின, ஒன்றும் நிற்கவில்லை. யாரும் அவற்றை ஓட்டிக்கொண்டும் வரவில்லை, கட்டியிருந்த கயிற்றை அறுத்துக்கொண்டு அவையாகவே வந்தன.

ஒரு வாரத்துக்குள் உவரடி இதற்குத் தன்னைப் பழக்கிக்கொண்டது. அன்றைக்கு எந்தப் பிராணி வந்திருக்கிறது என்று டீக்கடைப் பலகையில் பலகாரத்தின் விலைக்குக் கீழே சாக்கட்டியால் எழுதினார்கள். அந்தப் பிராணி பொழுது சாயும்வரை குருடு என்பதால், அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்க வீட்டுக்கு ஒருவர் என்று முறை வைத்தார்கள், முறைக்காரருக்கு அன்று அளத்தில் வேலை இல்லை என்று மேஸ்திரியும் ஒத்துக்கொண்டார். கோயில்காரர்கள் இது அம்மன் செயல் என்றார்கள், சர்ச்சுக்காரர்கள் மாதா செயல் என்றார்கள், இரண்டு தரப்பும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேசிவிட்டு, யார் செயலாக இருந்தாலும் கழுதையைக் கிணற்றில் விழாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதில் ஒன்றானார்கள். கோழிச் சில்லு வந்த நாளில் அவளுக்குக் கிட்டத்தில் இருப்பது மட்டும் கூர்மையாகத் தெரிந்தது, அதனால் பெண்கள் அரிசியைக் கொண்டுவந்து கல் பொறுக்கச் சொன்னார்கள். கழுதைச் சில்லு வந்த நாளில் கிட்டத்தில் இருப்பதெல்லாம் குழம்பி, தூரத்தில் இருப்பது கொஞ்சம் தேறியது, அதனால் கடற்கரைக்குக் கூட்டிப்போய், இரண்டு நாளாகத் திரும்பாத வள்ளம் கண்ணுக்குப் படுகிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். பாய் ஒன்று தெரிகிறது என்றாள். அது எந்தப் பாய் என்று அவளால் சொல்ல முடியவில்லை, ஆனால் வள்ளக்காரரின் மனைவி அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள், மாலையில் வள்ளம் வந்து சேர்ந்தது.

சேதி கால்நடை மருந்தகத்துக்குப் போனது. அங்கே டாக்டர் ஜெசிந்தா இருந்தார். ஐம்பது வயது, தனியாள், ஸ்கூட்டரில் ஊர் ஊராகப் போய் மாட்டுக்குப் பிரசவம் பார்க்கிறவர். படிக்கிற காலத்தில், பல பிராணிகளின் கருவிழிப் படலம் ஒன்றுக்கொன்று எப்படி மாறுபடுகிறது என்று இரண்டு வருஷம் ஆராய்ந்து, அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஊர் திரும்பியதால் பாதியில் விட்டவர். கசாப்புக் கடைகளில் கேட்டு வாங்கி, இழையிழையாக வெட்டி, கண்ணாடித் தகடுகளில் ஒட்டி வைத்திருந்த படலங்கள் ஒரு தகரப் பெட்டி நிறைய அவர் வீட்டுப் பரணில் இருந்தன. விஷயத்தைக் கேட்டதும் அவர் இது எப்படி நடக்கும் என்று கேட்கவில்லை. "நாளைக்கு எத்தனை மணிக்கு சூரியன் வருது?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து தினமும் விடியலில் அவர் ஸ்கூட்டர் அந்த வாசலில் நின்றது. பிராணி வரும், நெற்றி படும், சில்லு மாறும், உடனே கைவிளக்கை அவள் கண்ணருகே பிடித்து, பேனா போன்ற ஒரு கருவியால் தொட்டுத் தடிமனை அளந்து, நோட்டில் எழுதிக்கொள்வார். எழுதும்போதே சொல்லவும் செய்வார், ஏனென்றால் வாசலில் எப்போதும் பத்துப் பேர் நின்றார்கள்.

"மனுசச் சில்லு அரை மில்லிமீட்டர் தடிமன். பசுமாட்டுக்குக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. கோழிக்கு நம்மளதை விட மெலிசு. பூனைக்குப் பாத்தீங்களா, முன்பக்கம் பூராவும் சில்லுதான், எவ்வளவு பெரிசு! ஆனா மேல்தோலுக்கு அடியில நமக்கு ஒரு கெட்டியான அடுக்கு இருக்கு, அது பூனைக்கும் கிடையாது, நாய்க்கும் கிடையாது. கோழிக்கு இருக்கு."

"கோழிக்கு இருக்கா?" என்றார்கள் பெண்கள், ஏதோ கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்கிறவர்கள் போல.

"நடுவுல ஓலைப்பாய் மேல ஓலைப்பாயா நூத்துக்கணக்கில அடுக்கு இருக்கும். ஒரு பாய் நெட்டுக்கு, அடுத்தது குறுக்குக்கு. ஆகக் கடைசியில, உள்பக்கமா, ஒரே வரிசையில சின்னச்சின்ன ஆளுக நின்னு ராப்பகலா தண்ணி இறைச்சுக்கிட்டே இருப்பாங்க. அவங்க நிறுத்துனா பாய்க்குள்ள தண்ணி ஏறி ஊதிரும், வெளுத்துரும். கண்ணாடி மாதிரி தெளிவா இருக்குன்னா, யாரோ உள்ள இறைச்சுக்கிட்டு இருக்காங்கன்னு அர்த்தம்."

பாத்தியில் தண்ணீர் பாய்ச்சியே முதுகு வளைந்த ஜனங்களுக்கு இது சட்டென்று விளங்கியது. அன்று மாலை ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டபோது, எதிராளியின் கண்ணுக்குள் நிற்கிற அந்த ஓயாத வரிசையை நினைத்து, சிலர் வழக்கத்தை விடக் கொஞ்சம் மரியாதையாகப் பேசினார்கள்.

வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற உப்புக் கால்வாயில் ஒரு திருக்கை நீந்தி வந்தது. அந்த மீனின் சில்லில் மேல்பரப்பிலிருந்து கீழ்வரை நூல் போட்டுத் தைத்த மாதிரி இழைகள் இருக்கும், அதனால் இறைக்க ஆளில்லாவிட்டாலும் அது ஊதாது என்று டாக்டர் சொன்னார். ஆனால் மீன்களின் சில்லு தட்டையானது, தண்ணீருக்குள் ஒளியை வளைக்கிற வேலை அதற்குக் கிடையாது. ஆகவே சந்தனக்கனி அன்று வெளிச்சத்தையும் நிறத்தையும் தவிர ஒன்றும் காணவில்லை, ஆனாலும் அளத்து வரப்பில் போய் நின்று, உப்புக்காற்று முகத்தில் அடிக்க, கண் எரியாமல் ஒரு பகல் முழுவதும் நின்றுகொண்டிருந்தாள். இன்னொரு நாள் ஒரு சாரைப்பாம்பு வந்தது. பாம்புக்கு இமை இல்லை, சில்லுக்கு மேலே ஒரு செதில் மூடி போலிருக்கும் என்றார் டாக்டர். சந்தனக்கனிக்கு அன்று கண்ணீர் வெளியே வரவில்லை, இமைத்தாலும் இமைத்த மாதிரி இல்லை. மகள் பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்குப் பரிசு வாங்கிக்கொண்டு வந்து காட்டினாள், அவள் அழ நினைத்தாள், அழ முடியவில்லை. குருட்டுப் பாம்பின் பக்கத்தில் முறைக்காரராகத் தபால்காரர் உட்கார்ந்திருந்தார்.

சித்திரை பாதி கடந்தபோது, ரேஷன் கடைக்காரர் ஒரு கேள்வி கேட்டார். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஊர் கூடியிருந்தது.

"பொழுது அடையறதுக்கு முன்னால அந்தப் பிராணி செத்துப்போச்சுன்னா, சில்லு யார்கிட்ட திரும்பிப் போகும்?"

எல்லாருக்கும் புரிந்துவிட்டது. திரும்பிப் போக இடமில்லாத சில்லு இருக்கிற இடத்திலேயே இருக்கும். ஆட்டையும் கோழியையும் வாராவாரம் அறுத்துத் தின்கிற ஊர். நெருக்கமாகப் பொருந்துகிற ஒன்றை, அது வருகிற நாளில், வெளிச்சம் இருக்கும்போதே அறுத்துவிட்டால் சந்தனக்கனி ஆயுசுக்கும் பார்ப்பாள். எல்லாரும் டாக்டரைப் பார்த்தார்கள். அத்தனை நாள் எழுதின நோட்டுக்கு இப்படி ஒரு உபயோகம் இருக்குமென்று ஜெசிந்தா நினைத்திருக்கவில்லை.

"எது பொருந்தும்னு மட்டும் சொல்லுங்க டாக்டரம்மா. மத்ததை நாங்க பாத்துக்கிடுதோம்."

அவர் வெகுநேரம் நோட்டைப் புரட்டினார். "இதுவரைக்கும் வந்ததுல எதுவும் இல்ல. இனிமே வந்தா... பன்றி. வளைவும் நம்மள மாதிரிதான் இருக்கும், தடிமனும் ரொம்பத் தூரம் இல்ல" என்றார்.

நாலாம் நாள் பன்றி வந்தது. சுடலைக்கண்ணு வளர்க்கிற கறுப்புப் பன்றி. ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கென்று வைத்திருந்தது. சந்தனக்கனி நிமிர்ந்தபோது, ஐந்து வருஷத்துக்கு முன்னால் எப்படி இருந்ததோ அப்படியே உலகம் தெரிந்தது. கிட்டத்தில் மகளின் மச்சம், தூரத்தில் உப்புக் குவியல்களின்மேல் மூடியிருந்த ஓலைக்கீற்று. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். ஊரே சிரித்தது.

மத்தியானம் சுடலைக்கண்ணு கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்தான். "மைனி, நீங்க உள்ள போயிருங்க. செத்தநேரத்துல முடிஞ்சிரும்" என்றான்.

அவள் உள்ளே போகவில்லை. பன்றி சுவரோரம் நின்றது. முன்னங்காலை ஒரு சாண் நீட்டி, தரை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, இழுத்துக்கொண்டு, மறுபடி நீட்டியது. கண் போன முதல் வாரத்தில் அவள் அப்படித்தான் நின்றாள். அந்தக் கறுப்பு முகத்தில் வெளுப்பாக இருந்தவை அவளுடைய சில்லுகள், இருபது வருஷ வெயிலும் உப்பும் ஏறிய அவளுடைய சொந்தத் தழும்புகள். வெளியே இருந்து அவள் அவற்றைக் கண்டது அதுதான் முதல் தடவை என்று சொல்ல முடியாது, எல்லாப் பிராணியிடமும் கண்டிருந்தாள். ஆனால் கத்தியோடு சேர்த்து அன்றைக்குத்தான் கண்டாள்.

"வேண்டாம் சுடலை."

"ஞாயித்துக்கிழமை எப்படியும் அறுக்கத்தானே போறேன் மைனி?"

"ஞாயித்துக்கிழமை அது உன்னைப் பாத்துக்கிட்டுச் சாகும். ஓடுறதுக்காவது பாக்கும். இன்னைக்கு அதுக்குக் கத்தி எங்க இருக்குன்னுகூடத் தெரியாது. அதைக் குருடாக்கி வெச்சிருக்கிறது நான்."

ஊர் இதை விரும்பவில்லை. சிலர் திட்டினார்கள், இவ்வளவு முறை வைத்துக் கயிறு பிடித்ததெல்லாம் எதற்கு என்றார்கள். சுபாஷினி வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். அது எல்லாவற்றையும் விடச் சந்தனக்கனிக்கு வலித்தது. பொழுது அடைந்தது. பன்றி தலையை உதறிக்கொண்டு நடந்துபோனது, அவள் சுவரைத் தடவிக்கொண்டு வீட்டுக்குள் வந்து மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உன் மூஞ்சியை நல்லாப் பாத்துட்டேன். போதும்" என்றாள்.

"எனக்குப் போதாதும்மா" என்றாள் சுபாஷினி.

அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. எட்டு நாள் வாசல் வெறுமையாகக் கிடந்தது, டீக்கடைப் பலகையில் பலகாரத்தின் விலை மட்டும் இருந்தது. டாக்டர் மட்டும் வழக்கம்போல வந்து, அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். ஒன்பதாம் நாள் விடியலில் வாசலில் காலடி கேட்டது. கனமான, இழுத்து வைக்கிற காலடி.

"ஏட்டி கனி, குனி" என்றது முப்பிடாதியின் குரல். "எனக்கு நிமிர முடியலை."

"அக்கா, வேண்டாம்."

"உனக்குச் சொல்லுதேன் கேளு. ரத்தம் சுத்தம் பண்றதை நிறுத்தச் சொல்லிட்டேன், இனி உடம்பு தாங்காதுன்னுட்டாவ. இன்னைக்கோ நாளைக்கோதான். இன்னைக்கே போயிருவேன்னு எனக்குத் தோணுது. பொழுது அடையறதுக்கு முன்னாடி போயிட்டேன்னா சில்லு உன்கிட்டயே நின்னுரும். என்னை யாரும் அறுக்க வேண்டாம், நானே போறேன்."

சந்தனக்கனி பின்னால் நகர்ந்தாள், ஆனால் முப்பிடாதி கையை நீட்டி அவள் பின்கழுத்தைப் பிடித்து இழுத்து நெற்றியோடு நெற்றியை வைத்துவிட்டாள்.

எல்லாம் அப்படியே தெரிந்தது. வளைவு சரி, தடிமன் சரி, கிட்டம் சரி, தூரம் சரி. டாக்டர் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு அணைத்தார், நோட்டில் ஒன்றும் எழுதவில்லை. டாக்டரும் சந்தனக்கனியும் சுபாஷினியும் முப்பிடாதியைத் தாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய்க் கட்டிலில் படுக்கவைத்தார்கள்.

அன்று முழுக்க ஊர் அந்த வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. சந்தனக்கனி கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்து, யார் வந்தது, எப்படி இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராகச் சொன்னாள். இரவல் வாங்கினதற்கு அவளால் செய்ய முடிந்தது அதுதான்.

"யாரு வந்திருக்கா?"

"உன் மவன் லிங்கதுரை. திருப்பூர்ல இருந்து விடியக்காலம் பஸ் ஏறி வந்திருக்கான். காதோரம் நரைச்சிருக்கு."

"அழுதானா?"

"இல்லக்கா. பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கான்."

"அப்பதான் அழப்போறான்னு அர்த்தம். வெளிய அனுப்பு, எல்லார் முன்னாலயும் அழுதா அவனுக்குப் பிடிக்காது."

லிங்கதுரை வெளியே போனான். அவன் மனைவி கைக்குழந்தையோடு வந்தாள், பிறந்து ஐம்பது நாளான பெண்குழந்தை, முப்பிடாதி அதுவரை பார்த்திராதது. அதைக் கொண்டுவந்து பாட்டியின் மார்பில் வைத்தார்கள். முப்பிடாதி அதன் முகத்தை விரலால் தடவினாள்.

"யாரு மாதிரிட்டி இருக்கு?"

சந்தனக்கனி குழந்தையைப் பார்த்தாள். முப்பிடாதியின் சில்லு வழியாக, முப்பிடாதியின் பேத்தியை, முப்பிடாதிக்கு முன்னால் அவள் பார்த்தாள்.

"சொல்லுட்டி."

"நீயே சாயங்காலம் பாத்துக்கோ அக்கா."

"சாயங்காலம் நான் இருக்கமாட்டேன்."

"இரு. இருந்து பாரு."

இதற்குப் பிறகு நடந்ததை உவரடியில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு மூச்சு இளைத்தது, நாலு மணிக்கு இன்னும் இளைத்தது. அந்த அறையில் நின்ற ஒவ்வொருவரும், ஜன்னல் வழியாகச் சூரியன் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று தன்னையறியாமல் பார்த்தார்கள், பார்த்ததற்காக வெட்கப்பட்டார்கள். சுபாஷினி மட்டும் ஜன்னலுக்கு முதுகு காட்டி, கையை இறுகக் கட்டிக்கொண்டு நின்றாள், தான் எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரிந்துவிட்ட பெண்ணாக. முப்பிடாதி கண்ணை மூடி, கடினமான வேலை ஒன்றைச் செய்து முடிக்கப் பார்க்கிறவளைப் போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். சந்தனக்கனியோ அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு நின்றுபோகும்போதெல்லாம் "அக்கா, அக்கா" என்று உலுக்கினாள். ஐந்து மணிக்கும் உலுக்கினாள். ஆறு மணிக்கும் உலுக்கினாள். ஆறரைக்குச் சூரியன் பனங்காட்டுக்குப் பின்னால் இறங்கியது, சந்தனக்கனிக்கு முன்னாலிருந்த கட்டிலும் குழந்தையும் ஜன்னலும் பாலாகக் கரைந்தன, முப்பிடாதி கண்ணைத் திறந்தாள்.

"கெடுத்திட்டியே, பாவி" என்றாள். அப்புறம் திரும்பிப் பேத்தியைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"எங்க அப்பா மாதிரில்லா இருக்கு" என்றாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, மகனையும் மருமகளையும் பேத்தியையும் ஊரையும் கண்ணாரப் பார்த்துக்கொண்டே அவள் இறந்துபோனாள்.

அப்போது ஜெசிந்தா டாக்டர் லிங்கதுரையைத் தனியே கூப்பிட்டு, கண் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால் ஆள் வருவார்கள், ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தால் இரண்டு பேருக்கு வைக்கலாம் என்றார். அந்தப் பேச்சு வாசல்வரை பரவியது, பரவியதும் ஊர் கொந்தளித்தது. ஆட்டுச் சில்லும் பாம்புச் சில்லும் மனுஷியின் கண்ணில் ஏறி இறங்கினதைப் பலகாரத்தின் விலைக்குக் கீழே எழுதிவைத்த ஊர், இறந்தவளின் கண்ணில் ஒருவர் கை வைப்பதைத் தாங்கவில்லை. முகம் கெட்டுப்போகும் என்றார்கள். அடுத்த பிறவியில் குருடியாகப் பிறப்பாள் என்றார்கள். அம்மன் செயல் என்றவர்களும் மாதா செயல் என்றவர்களும் இந்தத் தடவை பேசாமலேயே ஒன்றானார்கள்.

லிங்கதுரை சந்தனக்கனியிடம் வந்தான். "சித்தி, அம்மை உங்களுக்குக் குடுக்கத்தான் ஆசைப்பட்டா. உங்களுக்குத்தான் வைப்பாங்கன்னா நான் இப்பவே சரின்னு சொல்லுதேன்."

"எனக்கு வராதுய்யா. வரிசைல எனக்கு முன்னால முப்பத்தொரு பேரு இருக்காவ."

"அப்புறம் எதுக்கு? யாருன்னே தெரியாத ஆளுக்கு எங்க அம்மை கண்ணை நான் ஏன் குடுக்கணும்?"

அவள் கட்டிலைத் தடவி முப்பிடாதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "அந்தக் கழுதைக்கு நான் யாருய்யா?" என்று கேட்டாள். "ஒரு நாள் அதுக்கு ஒரு கைப்பிடிப் புல்லு போட்டிருப்பனா? வந்து நின்னுச்சுல்லா."

லிங்கதுரை கூரையைப் பார்த்தான், பல்லைக் கடித்தான், எல்லார் முன்னாலும் அழுதான். அழுதுகொண்டே டாக்டரைப் பார்த்துத் தலையசைத்தான்.

பதினொன்றரைக்கு ஒரு ஜீப் வந்தது. பெட்டியோடு இறங்கிய இரண்டு பேர், ஒரு ஆணும் ஒரு பெண்ணும், காலணியை வாசலில் கழற்றிவிட்டு, முப்பிடாதியைக் கும்பிட்டுவிட்டு, அறையிலிருந்தவர்களை வெளியே போகச் சொன்னார்கள். ஒவ்வொருவராக வெளியேறினார்கள். சந்தனக்கனி மட்டும் முப்பிடாதியின் கையைப் பிடித்தபடி இருந்தாள்.

"நீங்களும் போங்கம்மா. பாத்தா கஷ்டமா இருக்கும்" என்றாள் வந்தவள்.

"நான் பாக்கமாட்டேன் தாயி. அதனால இங்கனயே இருக்கேன்."

அவர்கள் அவளை இருக்கவிட்டார்கள். இருபது நிமிஷம் ஆயிற்று. முகம் கெட்டுப்போகவில்லை, வந்தவர்கள் இமைகளைச் சேர்த்து மூடிவிட்டுப் போயிருந்தார்கள், தூங்குகிற மாதிரிதான் இருந்தாள் என்று பிறகு வரிசையில் வந்து பார்த்த எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். சாயங்காலம் உடலை எடுத்தார்கள். மறுநாளும் அதற்கு மறுநாளும், பிறகு எந்த நாளிலும், கடைசி வீட்டு வாசலில் எதுவும் வந்து நிற்கவில்லை, நிற்காததைப் பற்றியும் உவரடி ஒன்றும் பேசவில்லை. ஜெசிந்தா டாக்டர் தகரப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, விட்ட இடத்திலிருந்து மறுபடி எழுதத் தொடங்கினார்.

சந்தனக்கனிக்கு ஆவணி மாதத்து ஒரு சனிக்கிழமை காலையில் போன் வந்தது. அன்று மாலையே ஆபரேஷன். வலது கண்ணுக்கு மட்டும். மறுநாள் காலை கட்டைப் பிரித்து, நர்ஸ் சொட்டு மருந்து விட்டு, மெதுவாகத் திறக்கச் சொன்னாள். முதலில் கலங்கல், பிறகு ஒரு ஜன்னல் சட்டம், பிறகு மகள். சுபாஷினி முகத்தை அருகே கொண்டுவந்து அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள்.

அதற்கப்புறம்தான் எதிர்க் கட்டில் தெரிந்தது. அதில் முக்காடிட்ட ஒரு பெண், மேலப்பாளையத்தில் பீடி சுற்றுகிற சைத்தூன் பீவி, இடது கண்ணைத் திறந்து உட்கார்ந்திருந்தாள்.

"உங்களுக்கு எப்பம்மா போன் வந்துச்சு?" என்று சைத்தூன் பீவி கேட்டாள்.

"நேத்துக் காலைல."

"எனக்கும் நேத்துக் காலைலதான்."

இரண்டு பேரும் நர்ஸைப் பார்த்தார்கள். "யாரோடதுன்னு நாங்க சொல்லக்கூடாது" என்றாள் நர்ஸ், சொல்லிவிட்டுச் சற்று நின்று, மருந்துத் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

சந்தனக்கனி கட்டிலைவிட்டு இறங்கி, சுவரைத் தடவாமல் நடந்துபோய், எதிர்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். முன்பின் தெரியாத ஒருவரின் மூக்குக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆயுசு முழுவதும் இருந்து, ஒன்றாகத் திறந்து ஒன்றாக மூடி, ஒருமுறைகூட ஒன்றையொன்று பார்த்திராத இரண்டு சில்லுகள் இப்போது ஒரு முழ தூரத்தில் எதிரெதிரே இருந்தன. சைத்தூன் பீவி முக்காட்டை ஒதுக்கிக்கொண்டாள். அவை ஒன்றையொன்று நன்றாகப் பார்த்து முடிக்கட்டும் என்று, கண்ணில் நீர் கட்டும்வரை, இரண்டு பெண்களும் இமைக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.